அக்காவைக் கொண்டுபோனது பூச்சிதான்

"சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து" என்று அக்காவின் நினைவு மலரில் போடச் சொன்னார் அத்தான். நான் போடமாட்டேன். அக்கா இறந்து ஓராண்டாகியும் "சீன மருந்து குடிச்சுத்தானாம் செத்தவ" என்று கதைத்துத் திரிகிறவர்களின் கைகளுக்கும் இந்த மலர் வரும். அவர்களும் வாசிக்கட்டும்.

அக்கா மன்னாரில், வயல் வேலை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். கோயிலுக்குப் போகும்போது மட்டும்தான் எங்களுக்குச் செருப்பு. போர் எங்களைக் கனடாவின் மொன்றியலுக்குத் துரத்தியது. அங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தே அக்கா என்னைப் படிக்க வைத்தார். அவர் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம்.

வயிற்றுவலியும் தோலில் ஊரும் தடிப்பும் வருடக்கணக்காக அவரை வாட்டின. டொக்டர் தந்த குளிசைகளால் பயனில்லை என்றதும், சைனாடவுனில் ஒரு சீன வைத்தியரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா நாக்கைப் பார்த்தார், இரு கைகளிலும் நாடி பிடித்தார், சின்ன வயதில் வெறுங்காலோடு நடந்தீர்களா என்று கேட்டார். குடலில் ஈரம் தேங்கியிருக்கிறது, அதில் பூச்சி குடியிருக்கலாம் என்றார். குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் வேண்டாம் என்று சொல்லி, பாக்குச் சீவல் கலந்த கஷாயச் சரக்கைக் கட்டித் தந்தார்.

"பாக்குத் தின்னவோடா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனி?" என்று அக்கா சிரித்தார்.

வைத்தியர் சிரிக்கவில்லை. தன் கஷாயம் மட்டும் போதாது, ஆஸ்பத்திரியில் பூச்சிக்கு இரத்தம் சோதிக்கக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எனக்குப் பூச்சியோ? என்னோட வேலை செய்யிற ஆக்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பினம்?" அக்காவின் முகம் கறுத்துவிட்டது. வீட்டில் அத்தான் அதற்கு மேல். "வெளியில சொல்லிப்போடாதையும். சனம் சிரிக்கும்." நான் கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் பிடித்தேன். சோதனை நடக்கவே இல்லை.

பனிக்காலத்தில் அக்காவுக்கு முட்டு வந்தது; மூச்சுவிடக் கஷ்டப்பட்டார். அதற்கு ஸ்டீரொய்ட் குளிசை கொடுத்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்க, சின்ன வயதில் வெறுங்கால் வழியே ஏறி, குடலில் காலங்காலமாகப் பதுங்கியிருந்த பூச்சி பெருகி நுரையீரல் வரை பரவியது. அது தெரியவந்தபோது அக்காவுக்கு நினைவே இல்லை. முதலே தெரிந்திருந்தால் சில குளிசைகளோடு முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். ஐயோ, சில குளிசைகள்!

கடைசி நாட்களில் அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்து தந்த பங்கு மக்களுக்கும், இறுதித் திருப்பலிக்குப் பூக்களோடு வந்து பின்வரிசையில் இருந்து அழுத சீன வைத்தியருக்கும் நன்றி. சிரிக்கக் காத்திருந்த சனத்துக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

அத்தான், நீங்களும் மன்னாரில் பிறந்தவர்தான். இன்னும் பூச்சிச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கவில்லை. இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி யாருக்கு ஒளிக்கப் போகிறீர்கள்? திங்கட்கிழமை காலை காரோடு உங்கள் வாசலில் நிற்பேன்.