கழி எட்டிய உயரம்

இடது கை பூவின் காம்பைப் பிடித்துக்கொள்கிறது. வலது கை நடுவில் பந்துபோலத் திரண்டிருக்கும் இழைகளை அடியோடு கிள்ளி மூக்குப்பொடி டப்பாவுக்குள் உதிர்க்கிறது. யானைக்கால்போல அடி பருத்த ஆனைப்புளி மரத்தின் பூ உள்ளங்கையைவிடப் பெரியது. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், முகர்ந்தால் ஊசிப்போன கீரை வாசம் அடிக்கும். பொழுது சாயும்போது விரிந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அதனால் இந்தக் கைகளுக்கு அவசரம். டப்பா நிரம்பியதும் மூடி, ஆற்றோரத்திலிருந்து மேட்டுக்கு ஏறி, அங்கே நிற்கும் இன்னொரு மரத்தடியில் சாத்தியிருந்த நீளமான மூங்கில் கழியை எடுக்கின்றன. கழி நுனியில் ஒரு முயல் வால் கட்டியிருக்கிறது. வாலை டப்பாவுக்குள் புரட்டி, கழியை மெதுவாக நிமிர்த்தி, தலைகீழாகத் தொங்கும் பூவிலிருந்து கீழே நீண்டிருக்கும் சூல்முடியின் நுனியில் ஒரு தடவு. பிறகு அடுத்த பூ.

கழுத்து வலிக்கும்போது அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி வாய்விட்டுத் திட்டுவாள். முதலில் வௌவால்களை விரட்டியவர்களை, பிறகு புருஷனின் அண்ணனை, கடைசியில் பூவை.

அவள் பெயர் முசாண்டிவா. எங்கள் ஊரில் அவள் வணக்கம் சொன்னாலே சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ளும். புருஷன் ருடானிக்கு முசீனா ஊர்ப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருவான், தூங்குவான், போவான். வீட்டுக்குப் பெரியவர் அவன் அண்ணன் குமானி. முசாண்டிவா கொத்திய சோளம் குமானியின் குதிருக்குப் போகும். அவள் வளர்த்த ஆடு குமானியின் பட்டியில் அடையும். அவள் பொறுக்கிய ஆனைப்புளிக் காய்கூட "நம்ம வீட்டுக் காய்" என்றுதான் லாரியில் ஏறும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் நடப்பு. "நம்ம" என்று யாராவது சொன்னாலே அவளுக்குப் பல் கூசும்.

வௌவால் கதையையும் சொல்லிவிட வேண்டும். மாம்பழத்தைத் தின்று தீர்க்கிறது என்று இளவட்டங்கள் பாறைக் குகைக்குள் டயரைக் கொளுத்திப் போட்டுப் புகை மூட்டினார்கள். வௌவால்கள் செத்தது பாதி, போனது பாதி. அடுத்த வருஷத்திலிருந்து ஆனைப்புளி மரங்கள் இளைக்க ஆரம்பித்தன. முழுக்கக் காய்த்த மரம் பாதி காய்த்தது, பாதி காய்த்த மரம் சும்மா நின்றது. மழை சரியில்லை என்றார்கள். மூதாதைகளுக்குக் கோபம் என்றும் சொன்னார்கள்.

"மூதாதைக்கு என்ன கோபம்? எனக்குத்தான் கோபம்," என்றாள் முசாண்டிவா. "ராத்திரி பூவுக்குப் பூ தாவினது அந்த வௌவால்தானே? அதைக் கொளுத்திட்டு மரத்தைக் குத்தம் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

மகரந்தத் தூளைக் கையால் தடவும் வித்தையை அவளுக்குச் சொல்லித் தந்தது பூசணி. பூச்சி குறைந்த வருஷத்தில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தேய்ப்பது எங்கள் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். பூசணிக்கு ஆவது ஆனைப்புளிக்கு ஆகாதா என்று அவள் நினைத்தாள். குமானியின் வயல் வேலிக்கு வெளியே, மேட்டில், யாருக்கும் வேண்டாத ஒரு மரம் நின்றது. பூக்கும், காய்க்காது. மொட்டை என்று அதற்குப் பெயர். அதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் அந்த மரத்தின் பூவிலிருந்தே தூளை எடுத்து அதே மரத்தின் பூவில் தடவினாள். விரல் தண்டிக்குப் பிஞ்சு பிடித்தது. ஊருக்கே காட்டினாள். அடுத்த மழையில் ஒன்று விடாமல் உதிர்ந்து மரத்தடி பச்சையாகக் கிடந்தது.

கிணற்றடியில் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் முசாண்டிவா, மரத்துக்கு மாப்பிள்ளை பாத்தியாமே? என்னடி ஆச்சு, மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்றாள் ஒருத்தி.

"ஓடல. ஒரே வீட்டுல பொண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்தா எப்படி வெளங்கும்?" என்று பதில் சொன்னது மாஷுடு. முசாண்டிவாவுக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் முசாண்டிவா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறு வருஷம் ஆற்றோரத்து மரத்தின் தூளைக் கொண்டுவந்தாள். அந்த மரத்தை எங்கள் ஊரில் காளை என்போம். காய்க்கவே காய்க்காது. ஆண் மரம், எதற்கும் உதவாது என்று கயிறு திரிக்கப் பட்டையை உரித்து உரித்து அதன் உடம்பெல்லாம் தழும்பு. அந்தக் காளையின் பூவில்தான் தூள் கொழிக்கிறது என்று கண்டுகொண்டாள். பட்டை உரிக்க வந்த ஒருவனைக் கழியாலேயே அடித்து விரட்டினாள். மாஷுடு டப்பாவைப் பிடிக்க, இவள் கழியைப் பிடிக்க, பூக்காலம் முழுக்கச் சாயங்காலம் தவறாமல் நடந்தது. சோற்றுக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று குமானி முணுமுணுத்தார். ஆறிப்போன களியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பிஞ்சு பிடித்தது. மழை பெய்தது. உதிரவில்லை. நாள் போகப் போக மொட்டையின் கீழ்க்கிளைகளில் வெல்வெட்டு போர்த்தியதுபோல் பச்சைக் காய்கள் கனத்துத் தொங்கின. கிளை தாழ்ந்து ஆட்டின் முதுகைத் தொட்டது. ஊர் வந்து பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

குமானியும் வந்து பார்த்தார். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முசாண்டிவா அக்கா வீட்டுச் சாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது மொட்டையைச் சுற்றி முள்வேலி இருந்தது. புதிதாக வெட்டிய முள், இலைகூட வாடவில்லை. குமானி தன் வயல் வேலியைப் பிரித்து, மேட்டை வளைத்து, மரத்தை உள்ளே வைத்துக் கட்டியிருந்தார். எங்கள் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு வெளியே நிற்கிற காட்டுமரம் ஊருக்குப் பொது. வேலிக்கு உள்ளே நிற்பது வயல்காரனுக்கு.

சாவு வீட்டுத் துணியைக்கூட மாற்றாமல் அவர் முற்றத்துக்குப் போனாள்.

"அத்தான், அந்த வேலி என்ன?"

"வயலை அகட்டியிருக்கேன். கம்பு போடணும்."

"அந்தப் பாறையிலயா? கம்பு போடறவங்க முகத்தைப் பாரு! காய்க்கிறதுக்கு முன்னாடி அந்த மேட்டுல ஒண்ணுக்குப் போகக்கூட நீங்க ஏறினதில்ல."

"வாயை அடக்கிப் பேசு. மரத்தை நீ நட்டியா?"

"நீங்க நட்டீங்களா?"

"நான் வேலி கட்டினேன். நீ என்ன செஞ்சே? முயல் வாலை வெச்சு மரத்துக்குக் கிச்சுகிச்சு மூட்டினே. எல்லாம் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போகுது? எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே?"

அந்த "நம்ம"தான் அவளைக் கிளப்பியது. நேராகத் தலைவர் மக்வாரெலாவின் வீட்டுக்குப் போய், வாசலில் முறைப்படி மண்ணில் அமர்ந்து, கைகூப்பி, ஊரைக் கூட்டச் சொன்னாள். புருஷன் வீட்டுப் பெரியவர்மேல் பெண்ணொருத்தி வழக்குச் சொல்வது எங்கள் ஊருக்குப் புதிது. ருடானிக்கு யாரோ போன் போட்டுச் சொன்னார்கள். அவன் அவளை அழைத்து, "பேசாம இரு, அண்ணன்கிட்ட விட்டுடு" என்றான். "நீ ஆரஞ்சுப் பழத்தை எண்ணு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கூட்டத்தில் குமானி நன்றாகத்தான் பேசினார். வழக்கத்தைச் சொன்னார். வேலியைச் சொன்னார். தம்பியின் மனைவி கை வைத்ததெல்லாம் தனக்கே சொந்தம் என்று கிளம்பினால் குடும்பம் என்னாகும் என்று கேட்டார். கிழவர்கள் தலையாட்டினார்கள்.

மக்வாரெலா முசாண்டிவாவைப் பார்த்தார். "வேலிக்குள்ள இருக்கிற மரம் அவனுது. இதுல நான் என்ன பண்றது, சொல்லும்மா?"

"மரத்தை நான் கேக்கல தலைவரே. போன வருஷம் உங்க தங்கச்சி தெக்கு வயலை இரவல் குடுத்தாங்க. நிலம் அவங்களுது. வெளைஞ்சது யாருக்குப் போச்சு?"

"விதைச்சவங்களுக்கு. இரவல் நிலத்துல விதைச்சவங்களுக்குத்தான் அறுப்பு."

"அப்ப நான் விதைச்சது எனக்கு."

"மரத்துல என்னத்தைம்மா விதைச்சே?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. அவள் மாஷுடுவுக்குச் சைகை காட்டிவிட்டு எழுந்தாள். மாஷுடு ஓடிப்போய்க் கழியை எடுத்து வந்தாள். "எல்லாரும் வாங்க. வந்து கண்ணால பாருங்க," என்று முசாண்டிவா நடந்தாள்.

மரத்தடியில் கழியை நிமிர்த்திக் கிளைகளின் ஊடே பிடித்தாள். முயல் வால் எட்டிய உயரம்வரை காய் கொழித்துத் தொங்கியது. ஆடு மேய்ந்த புதரில் அது எட்டிய மட்டத்துக்கு ஒரு கோடு விழுமே, அதைத் தலைகீழாக்கியதுபோல ஒரு கோடு மரத்தில் தெரிந்தது. அதற்குமேல் அடர்த்தியாக இலை.

"இது மட்டும்தான் எனக்கு எட்டிச்சு," என்றாள்.

மக்வாரெலா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். கிழவர்களும் பார்த்தார்கள். பிறகு சொன்னார்: "வேலி இருக்கட்டும். மரம் குமானிக்கு. ஆனா இந்த வருஷம் கழி எட்டினது வரைக்கும் அவளுக்கு. அதுக்கு மேல உள்ளது குமானிக்கு. அடுத்த வருஷத்திலேர்ந்து குமானி விட்டாத்தான் அவ வேலிக்குள்ள கால் வைக்கலாம்."

குமானி இலைக் கூட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு பெரிய மரத்தில் கீழ்ப்பகுதி கால்வாசிகூட இல்லை. மேலே இலைக்குள் எவ்வளவு காய் மறைந்திருக்குமோ என்று கணக்குப் போட்டு, அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"சரி. ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா ஒண்ணு. ஊர் முன்னாடி என்னை நிறுத்தினவ அவ. மேல இருக்கிற என் காயை அவளே பறிச்சு, மருமகளா லட்சணமா, முறைப்படி என் வாசல்ல கொண்டுவந்து வைக்கணும். ஒண்ணு குறையக்கூடாது."

"அது எதுக்கு?" என்று மாஷுடு சீறினாள். முசாண்டிவா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொண்டுவர்றேன்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கோபம் ஆறவில்லை. ஆனால் சத்தம் நின்றுபோனது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. காயை அவள் வென்றுவிட்டாள் என்று மாஷுடு சொன்னபோது, "மரம் போச்சே," என்றாள். "ஒண்ணுக்கும் ஆகாதுன்னு கெடந்தது. நான் தொட்டு ஆகிறதா ஆக்கினேன். ஆனதும் வேலி போட்டுட்டான். இதுக்குப் பேரு வழக்கமாம்."

மழை ஓய்ந்தது. குளிர்காலம் வந்தது. ஆனைப்புளி குளிரில் இலையை உதிர்க்கும். முதலில் நுனி, பிறகு நடு, பிறகு மொத்தமும். ஒவ்வொரு நாளும் குமானி வேலியோரம் வந்து நின்று பார்த்தார். இலை போகப் போக வானம் தெரிந்தது. கிளை தெரிந்தது. கிளைக்கும் வானத்துக்கும் நடுவில் தெரிய வேண்டிய காய்கள் தெரியவில்லை. கடைசியில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

முசாண்டிவா தன் காய்களைப் பறித்து, மூட்டை கட்டி, லாரிக்காரனிடம் தன் பெயரைச் சொல்லி ஏற்றிவிட்டாள். பிறகு மேலே இருப்பதற்குத் தயாரானாள். இரண்டு கழிகளை ஒன்றோடொன்று பிணைத்து நுனியில் கொக்கி கட்டினாள். பூக்காலத்தில் ஏன் இப்படிப் பிணைத்துக்கொள்ளவில்லை என்று மாஷுடு கேட்டாள். நீளக் கழி ஆடும், பூவின் நுனியில் நிற்காது என்றாள் இவள். தட்டிப் பறிக்க ஆட்டம் தடையில்லை. ஒரு கிளை விடாமல் பார்த்தாள். உச்சியில் கோணலாகத் தொங்கிய ஒரு சூம்பலுக்காக அரைநாள் போராடினாள்.

"அதை விட்டுத் தொலைடி. அது ஒரு காயா?" என்றாள் மாஷுடு.

"அது அவரு காய்."

பறித்ததையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். காம்பை ஒரே அளவாக நறுக்கினாள். பெண் கேட்டுப் போகும்போது எடுத்துப்போகும் பெரிய முறத்தைக் கழுவிக் காயவைத்து, அதன் நடுவில் அடுக்கினாள். அடுக்க ஒன்றுமில்லை. முறத்தின் நடுவில் ஒரு கை கவிழ்த்தால் மூடிவிடும் அளவுக்குத்தான் இருந்தது. ஒன்றில் குரங்கு கடித்த ஓட்டை. ஒன்று குலுக்கினால் புழு உதிர்ந்த பொடி சலசலக்கும்.

சாவு வீட்டுக்குக் கட்டிய அதே துணியைக் கட்டிக்கொண்டு, முறத்தைத் தலையில் வைத்து, ஊர் நடுவே நடந்தாள். ஊர் பின்னாலேயே வந்தது. குமானி முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"உக்காருங்க அத்தான்," என்றாள். "முறைப்படி வாங்கிக்கணுமில்ல?"

அவர் உட்கார்ந்தார். அவள் முறத்தை இறக்கினாள். முழங்கால் இரண்டும் மண்ணில் படக் குனிந்து, தலையைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் முறத்தை நீட்டினாள். ஒரு மருமகள் எப்படிக் கொடுக்க வேண்டுமோ அப்படி. ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

"ஒண்ணு குறையல. உங்க பங்கு."

யாரும் சிரிக்கவில்லை. குமானி வேலிப்பக்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கூட்டத்தில் நின்ற மக்வாரெலாவைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தாமல், முறத்தைத் தாழ்த்தாமல், அப்படியே மண்டியிட்டிருந்தாள். கடைசியில் அவர் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.