சரிவில் வைத்த சதுரம்

குவாரி மூடிய நிலத்தில் செடி எண்ணுவது சலிப்பான வேலை. பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரத்தைத் தரையில் வைத்து, அதற்குள் என்ன செடி, எத்தனை, தரையை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கே வைப்பது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது. அலுவலகத்திலேயே வரைபடத்தின் மேல் குலுக்கல் முறையில் புள்ளிகள் விழும். போன் காட்டும் இடத்துக்கு நடந்து போய், முள்ளானாலும் பாறையானாலும் அங்கேயே வைக்க வேண்டும். பத்திரிகை வேலையை விட்டுத் திருப்பதியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அறிக்கை எழுதச் சேர்ந்தபோது எனக்குப் பிடித்திருந்தது இந்த விதி ஒன்றுதான்.

குடிபாலா பக்கம் ஒரு கிரானைட் குவாரி. மண் பரப்பி மரம் நட்டாயிற்று என்று குத்தகைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். பச்சை பிடித்துவிட்டது என்று நாங்கள் அறிக்கை கொடுத்தால் அவர் பொறுப்பு முடிந்தது. எங்களை அமர்த்தியவரும் அவரே.

மேல் சமதளம் பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீர் டேங்கர் வந்துபோன தடம் இன்னும் காயவில்லை. சிக்கல் கிழக்குச் சரிவில். கழிவுக் கல்லும் கல் தூளும் கொட்டிய மேடு அது. அதன் அடியில் ஒரு பெண்ணின் வேர்க்கடலைக் கொல்லை. மழை பெய்தால் தூள் இறங்கி வந்து செடியை மூடும். காய்ந்ததும் சிமெண்ட் போல இறுகும். சரிவில் எதுவும் முளைக்கவில்லை என்று அறிக்கை சொன்னால் குத்தகைக்காரர் திரும்பி வந்து அதைச் சரிசெய்தாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கொல்லை போனதுதான்.

அந்தப் பெண் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மேலயே சுத்திக்கினு கீறீங்க? கீழ எறங்குனா செருப்பு அறுந்துடுமா?"

"வரோம்மா. இந்தப் பக்கமும் புள்ளி இருக்குது."

இருந்தது. முதல் புள்ளியில் சதுரத்தை வைத்தேன். உள்ளே ஒரு புல் கூட இல்லை. "பூஜ்யம்" என்றேன். டேப்லெட்டை வைத்திருந்த என் மேலதிகாரி எதையும் தட்டவில்லை. அவர் தாவரவியல் படித்தவர். இந்த வேலையில் தலை நரைத்தவர்.

"அது எதுக்குப்பா? செடி இருந்தாத்தானே செடி கணக்கு."

"இல்லைங்கறதும் கணக்குதானே சார்."

"வெறும் தரைய எண்ணவா வந்தோம்? காலியா இருந்தா பக்கத்துல தள்ளிப் போடு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பக்கத்தில், மேட்டின் விளிம்பில், ஒரே ஒரு சீமைக்கருவேலங்கன்று நின்றது. சதுரத்தைத் தூக்கிப்போய் அதன் மேல் மாட்டினார். அடுத்த புள்ளியிலும் அதேபோலப் பச்சையைத் தேடி நடந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதுதான் சரியான முறை என்று மனதார நம்பினார். எனக்கு எரிந்தது அதனால்தான். ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கப் போய், வராத வீடுகளை விட்டுவிட்டு வந்து, தெரு முழுக்கத் தண்ணீர் வருகிறது என்று எழுதுவது போன்றது இது. அப்படி ஒரு செய்தியை நான் கொடுத்திருந்தால் எங்கள் செய்தி ஆசிரியர் தாளை என் முகத்தில் எறிந்திருப்பார். இங்கே அதற்கு அட்டவணை, சராசரி, கையெழுத்து எல்லாம் உண்டு.

அந்தப் பெண் மேலே ஏறி வந்து, சதுரத்துக்குள் நின்ற கருவேலத்தைப் பார்த்தார்.

"இது அவங்க நட்டதா சார்? தானா மொளச்சது. வெறகுக்கு வெட்டாம உட்டேன் பாரு, என் தப்பு."

"பச்சைனா பச்சைதாம்மா" என்றார் மேலதிகாரி, சிரித்துக்கொண்டே.

வரைவு அறிக்கையில் சரிவின் புள்ளிகளுக்குப் பூஜ்யம் என்றே எழுதினேன். கருவேலத்தைச் சேர்க்கவில்லை. இறுதி அறிக்கையில் சரிவே இல்லை. 'அணுக இயலாத பகுதி' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

கொல்லைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து அந்த வரியைச் சொன்னேன்.

"நீங்க அங்க நின்னுக்கினு இருந்தீங்களே சார். நான் பாத்தனே."

"ஆமாம்மா."

"திங்கக்கெழம மண்டல ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. அங்க வந்து இதச் சொல்வீங்களா?"

வருகிறேன் என்றேன். மேலதிகாரியிடம் திங்கட்கிழமை விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.