மேபலின் மீசை

டோரீன் ஹாப்ஸன் பட்டம் வாங்கியவள் அல்ல. மான்செஸ்டரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவச் சேர்ந்து, பதினெட்டு வருடத்தில் படிகம் வளர்ப்பதில் யாரும் மிஞ்ச முடியாத கைக்காரி ஆனவள். 1988இல் அங்கே எல்லோருக்கும் ஒரே வெறி. எச்.ஐ.வி. கிருமியின் புரதம் ஒன்றைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் வடிவத்தைப் பார்த்துவிட வேண்டும். வடிவம் தெரிந்தால் அதை முடக்கும் மருந்து செய்யலாம்.

டோரீனுக்கு அவசரம் அதிகம். மோர்க்கம்பில் பஸ் ஓட்டிய அவள் தம்பி கிளைவுக்கு அந்தக் கிருமிதான். அவன் குடித்த கோப்பையை, அவனோடு பஸ் ஓட்டியவர்களே தொற்றிவிடும் என்று உடைத்துப் போட்டார்கள். மனிதர்களாம்!

படிகம் வா என்றால் வந்துவிடாது. அதற்கு ஒரு கைவழி உண்டு. பூனையின் உதிர்ந்த மீசை முடியால் பழைய படிகத்தைத் தடவி, புதுப் புரதக் கரைசல் துளிக்குள் ஒரு கோடு இழுப்பார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். டோரீனுக்கு மீசை தருவது கிளைவின் பூனை மேபல். உதிர்வதைப் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்த்து, சனிக்கிழமை அக்கா வரும்போது கொடுப்பான்.

"உங்க டாக்டர் பட்டக்காரங்க கிழிச்சது போதும். கடைசியில எங்க மேபல்தான் அந்தக் கிருமியைப் பிடிக்கப் போறா, பாரு."

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு துளியில் முதல்முறையாக நல்ல படிகம் நின்றது. உப்புக்கல் அளவுகூட இல்லை. இரண்டு நாளில் கெட்டுவிடும். மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் அதை நொறுங்காமல் ஏற்ற டோரீன் கையால்தான் முடியும். தம்பிக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வர முடியாதுடா. திங்கக்கிழமை வரேன். படிகம் வந்துடுச்சு."

"அட, மேபல் சாதிச்சிட்டாளா! நீ அதைப் பாரு, அக்கா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

குரலில் மூச்சு இரைத்தது. அவளுக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்டும் வேலைக்குத் திரும்பினாள்.

சனி முழுக்கக் கதிர் பாய்ந்தது. படம் படமாக வந்தது. ஞாயிறு மதியம் படிகம் மஞ்சளித்துச் செத்தது. அதற்குள் தேவையானதெல்லாம் கிடைத்திருந்தது. கூடமே கைதட்டியபோது கிளைவைப் பார்த்துக்கொண்ட நர்ஸிடமிருந்து போன் வந்தது. கிளைவ் காலையிலேயே போய்விட்டான், பக்கத்தில் பூனையோடு.

கட்டிலருகே ஒரு தீப்பெட்டி இருந்தது. உள்ளே ஐந்து மீசை முடி. மேலே கோணல் எழுத்தில், 'சனிக்கிழமை, அக்காவுக்கு.'

ஆறு மாதம் கழித்து அந்தப் புரதத்தின் வடிவம் கம்ப்யூட்டர் திரையில் சுழன்றது. எல்லோரும் ஒயின் குடித்தார்கள். நடுவே ஒரு சின்னச் சந்து. மருந்து போய் அடைக்க வேண்டிய இடம் அதுதான் என்றார்கள். இந்தத் துளியூண்டு சந்துக்காகவா என் தம்பியைத் தனியே விட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த மருந்து வரவும் இன்னும் பல வருடம் ஆயிற்று.

மேபல் இப்போது டோரீன் வீட்டில்தான். அடுத்த புரதத்தைத் தொடங்கும்போது ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் பெவன் வந்து கேட்டார்.

"டோரீன், அந்த ராசியான மீசை ஏதாவது மிச்சம் இருக்கா?"

தீப்பெட்டி அவள் கோட்டுப் பையில்தான் இருந்தது. பைக்குள் கைவிட்டு அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க. தீர்ந்துபோச்சு."