அம்மா சொல்லாமல் விட்ட வரி

மழை நாளில் தகரக் கூரையில் ஈரப்பலாக்காய் விழுந்தால் முதலில் ‘தொம்’ என்று கேட்கும், பிறகு அது உருண்டு போகிற சத்தம் கேட்கும், அது எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்வரை வீட்டில் நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் இருப்போம். எங்கள் பக்கம் விழுந்தால் எங்களுக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் பக்கத்துச் சிங்களக் குடும்பமான சோமா அக்கா வீட்டுக்கு.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த இடத்தை ‘தோட்டம்’ என்றுதான் சொல்வார்கள். பூந்தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு பைப், எங்கள் பின்சுவரோடு நின்ற இந்த ஒரு ஈரப்பலா மரம், அவ்வளவுதான்.

அப்பா ‘பெயின்ட் பாஸ்’, வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நத்தார் பெருநாளுக்கு முன்னும் வெசாக் பெருநாளுக்கு முன்னும் அவருக்குச் சாப்பிடவும் நேரம் இருக்காது. வெசாக் முடிந்து மழை பிடித்துவிட்டால் சுவர் காயாது, யாரும் கூப்பிடமாட்டார்கள், பிரஷ்களைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக அந்த மாதங்களில்தான் மரம் காய்த்துக் கொட்டும். அப்பாவுக்கு வேலை இல்லை என்பதை மரத்துக்கு யார் சொன்னது என்பது எனக்கு அந்த வயதில் பெரிய கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, காயை வெட்டினால் உள்ளே விதையே இல்லை. மாங்காய்க்கு இருக்கிறது, பலாவுக்கு இருக்கிறது, இது மட்டும் எப்படி மரமாக வந்தது? கையெல்லாம் பால் ஒட்ட ஒட்ட நடுவைத் தோண்டிப் பார்ப்பேன்.

“சாப்பாட்டைக் கிண்டாத பிள்ளை. விதை வேணுமெண்டா தந்த ஆண்டவரிட்டக் கேள்” என்று அம்மா கையில் தட்டுவார். பிறகு அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் வைத்துத் தருவார்.

ஆனால் பருவத்தின் முதல் காய் எங்கள் அடுப்புக்கு வராது. எங்கள் பக்கமே விழுந்தாலும் அதை அம்மா மதிலுக்கு மேலால் சோமா அக்காவிடம் கொடுத்துவிடுவார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது.

பின்னேரம் ஆறு மணிக்குச் செபம். அனுதின உணவைக் கேட்கும் வரி வரும்போது அம்மாவின் கண் தானாகவே ஜன்னல் பக்கம் போகும். ஜன்னலுக்கு வெளியே மரம். அம்மா கேட்பது ஆண்டவரிடமா மரத்திடமா என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு ஒன்பது வயதான வருசம், பிஞ்சு பிடித்திருந்த நேரத்தில், வேர் கழிவுத்தண்ணிக் கானை உடைக்கிறது என்று தோட்டத்துச் சொந்தக்காரர் மரத்தை வெட்டுவித்தார். ஒரே நாளில் அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. அன்று பின்னேரம் அந்த வரி வந்தபோது அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்பா மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மழையும் தொடங்கிவிட்டது.

எனக்குப் பயம் பிடித்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்று மறைக்கல்வியில் சிஸ்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அம்மா கேட்காவிட்டால் அம்மாவுக்குச் சாப்பாடு எப்படி வரும்? அந்த வரியை மட்டும் நான் கத்திச் சொல்லத் தொடங்கினேன்.

“மெல்லச் சொல்லு மகள், ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார் அப்பா.

“அம்மா சொல்றேல்லையே அப்பா. அவவின்ட பங்கையும் சேர்த்துத்தான் சொல்றன்.”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். அங்கே ஒரு நேரக் கஞ்சிக்குத்தான் அரிசி இருந்தது.

இரண்டு நாள் கழித்து, கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடையும் இடுப்பில் பாதிப் பலாக்காயுமாக சோமா அக்கா வந்து நின்றார்.

“அக்கே, எங்க ஊர்ல இருந்து கொஸ் காய் வந்தது. வருசா வருசம் நீங்க மொத காய் எங்களுக்குத்தானே குடுத்தது. இது எங்க மொத காய்.”

அம்மா கையை நீட்டவில்லை. “உங்கட வீட்டிலயும் அஞ்சு பேர் இருக்கினமே.”

“நீங்க எண்ணிப் பாத்தா குடுத்தது? பிடிங்க அக்கே, இடுப்பு நோகுது!”

அன்று பின்னேரம் அந்த வரி வந்ததும் அம்மா சொன்னார். சொல்லி முடித்ததும் திரும்பவும் அதே வரியைச் சொன்னார். பிறகும் சொன்னார். அப்பா செபத்தை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“விட்ட நாள் எல்லாம் இருக்கே” என்றார் அம்மா.

அந்த மழைக்காலம் முழுக்க வயிறு நிறைந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். வெறும் தேத்தண்ணியோடு படுத்த நாளும் உண்டு. ஆனால் பாமன்கடைப் பக்கம் ஒரு வீட்டில் உள்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அப்பாவுக்கு எதிர்பாராமல் வந்தது, ஆடி கழிந்தது, நாங்களும் இருந்தோம். அடுத்த வருசம் மதிலுக்கு அந்தப் பக்கம், சோமா அக்கா துணி தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரப்பலாக் கன்று ஒன்று தலை நீட்டியது. மதிலுக்குக் கீழால் போன வேரில் இருந்து வந்தது என்று அப்பா காட்டினார். அன்றைக்குத்தான் நான் விதை தேடுவதை விட்டேன்.

நான் கலியாணம் கட்டி, இப்போது வத்தளையில் இருக்கிறோம். போன தேவாலயத் திருநாளுக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள், கீழே கார் நிறுத்துகிறார்கள். மதிலும் இல்லை, கன்று நின்ற இடத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சோமா அக்கா குடும்பம் எங்கே போனது என்று கேட்கவும் தெரிந்த முகம் ஒன்று இல்லை.

பருவம் தொடங்கினால் சந்தையில் ஈரப்பலாக்காய் வாங்கி, முதலாவதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவேன். “கடையில வாங்கினதுக்கு என்னம்மா முதல் காய்?” என்று மகன் பகிடி பண்ணுவான். கணவருடைய கம்பெனியில் இந்த மாதம் பாதி நாள்தான் வேலை. பின்னேரச் செபத்தில் அந்த வரி வரும்போது நான் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன் என்று வீட்டில் குறை. என்ன செய்ய, அம்மா இப்போது இல்லை. அவருடைய பங்கையும் நான்தானே சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.