பேக்கரி மாடியில் பிறந்த ராப் ஆல்பங்கள்

ரெக்கார்டிங் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாட்டுக்கு நடுவே வரும் நாற்காலிச் சத்தத்தையும், மூக்குறிஞ்சலையும், கீழே பேக்கரியில் மாவு பிசைகிற மெஷினையும் கேட்கிற வேலை.

படப்பையில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஸ்டுடியோ. ஓனர் ஸ்டீபன் அண்ணன். முன்பெல்லாம் சர்ச் பாட்டு, கோயில் பாட்டு, காதுகுத்து வீடியோவுக்கு வாய்ஸ் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ராப் பாடுகிறவர்கள். ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை கம்பெனிகளுக்கு யூனிஃபார்ம் போட்டுப் போகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். போனில் எழுதி வைத்திருப்பதைப் பாடி முதல் ஆல்பம் போடுவார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு அநேகமாக வருவதில்லை. அதற்குள் கல்யாணம் ஆகிவிடும், இல்லை கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் உனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று என்னைக் கேட்டால் நான் சொல்வதெல்லாம் யாரோ ஒருவருடைய முதல் ஆல்பமாகத்தான் இருக்கும்.

கான்வென்டில் எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த சிஸ்டர், வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கினால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். அந்தக் காதுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்காரர் அருள் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. எனவே மகியும் என்னோடு வேலைக்கு வருவாள். முன் அறையில் கொக்கியில் தூளி. பாடுகிற அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நம் ஒரு கண் எப்போதும் வேலையில் இருக்காது.

என் அந்த ஒரு கண் தூளியிலேயே இருந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. தூங்கும்போது எவ்வளவு சத்தம் வந்தாலும் மகி எழுந்திருப்பதில்லை. பிறந்த நர்சிங் ஹோமில் காது பரிசோதனை எதுவும் செய்யவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், சில சமயம் திரும்பமாட்டாள். திரும்பினாலும் என் குரலைக் கேட்டுத் திரும்பினாளா, என் நிழலைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. அருளிடம் சொன்னால், "போன்ல கண்டதைப் படிக்காத ரீனா" என்பார். படிக்காமல் இருக்க முடியுமா? சொல்லுங்கள்.

பீட் கேட்காத மணி

மணி பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர். தகடு அடிக்கிற இடம். அங்கே பேசுவதற்கும் கத்துவதற்கும் வித்தியாசம் இல்லை. முதல் ஆல்பத்துக்கு வந்தவர் மைக் முன்னால் நின்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "மேடம், பீட் கேக்கல" என்றார். கூட்டினேன். "இன்னும் கேக்கல மேடம்." இன்னும் கூட்டினேன். அதற்குமேல் கூட்டினால் ஹெட்ஃபோன் கிழிந்துவிடும் என்று ஸ்டீபன் அண்ணன் ஓடி வந்தார். மணியோ தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணாடி அதிர்ந்தது.

ஸ்டீபன் அண்ணன் உள்ளே போய் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தால், மணியின் இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு. கம்பெனியில் காதை அடைக்கக் கொடுப்பது. ஷிஃப்ட் முடிந்து, பஸ் ஏறி, படப்பையில் டீ குடித்து, இவ்வளவு நேரமும் அதோடுதான் இருந்திருக்கிறார். "ஐயே, இத்த வூட்டுக்குப் போனாலும் கயட்ட மாட்டேன்ணா, எங்கம்மா ஒரே பேச்சு" என்று சிரித்தார். பஞ்சை எடுத்த பிறகு அவர் பாடியது எங்கள் மாடியில் பதிவானவற்றிலேயே மிக மென்மையான ராப். அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. வெளியே வந்து தூளியை விலக்கி எட்டிப் பார்த்தார். இவ்வளவு கூத்துக்கும் மகி அசையவே இல்லை. மணி என்னிடம் சொன்னார்: "பாப்பா செம ஸ்டெடி மேடம், எங்க பிரஸ் ஷாப்புல இப்பவே எடுத்துக்குவாங்க."

கை நீட்டிப் பாடியவர்

அடுத்தவர் ஏழுமலை. சேரப்பணஞ்சேரிக்காரர். தினமும் காலையில் கம்பெனியில் உற்பத்தி லைன் ஓடத் தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்லவைப்பது அவர் வேலை. வலது கையை நேராக நீட்டி அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டும் கையுறையும்தான் அவருடைய முதல் ஆல்பத்தின் காதலன் காதலி. கிண்டல் இல்லை, நன்றாகவே எழுதியிருந்தார். ஒரே கஷ்டம், வாய் திறந்தால் கை தானாக நீள்கிறது. கை நீண்டால் மைக்கில் இடிக்கிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும், நாங்கள் திருப்பிச் சொல்வதற்காகக் காத்து வேறு நிற்கிறார்.

கையைக் கட்டிக்கொண்டு பாடச் சொன்னேன். வரி மறந்துபோயிற்று. பாக்கெட்டில் விட்டுக்கொள்ளச் சொன்னேன். பாட்டின் உச்சத்தில் பாக்கெட்டிலிருந்து கை பாய்ந்து வந்து இடித்ததில், மைக் ஸ்டாண்டோடு விழுந்தது. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் இடி மாதிரி வந்ததில் கீழே பேக்கரிக்காரர் படியேறி வந்துவிட்டார். நான் மைக்கைப் பார்க்காமல் தூளியைத்தான் பார்த்தேன். ஒரு சிணுங்கல்கூட இல்லை. ஏழுமலை மைக்கைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "மேடம், ஆல்பத்துக்குப் பேரு 'ஜீரோ ஆக்சிடென்ட்'னு வச்சிருக்கேன், தயவுசெஞ்சு இத வெளில சொல்லிடாதீங்க."

வார்டனுக்குக் கேட்காத பாட்டு

சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற மூன்று பெண்கள், வாராந்திர லீவில் வந்தார்கள். தென்காசிப் பக்கம். அவர்கள் ஆல்பம் முழுவதும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி. எழுத்து அபாரம், குரல்தான் வரவில்லை. மூன்று பேரும் ரகசியம் பேசுகிற மாதிரி பாடினார்கள். விளக்கணைத்த பிறகு வார்டனுக்குக் கேட்காமல் போர்வைக்குள் ஒத்திகை பார்த்தே பழகிவிட்டார்களாம். நானும் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்தவள்தானே, எனக்குத் தெரியாதா? "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறது நான் இல்ல, உங்க வார்டன். நாளைக்கு அவங்க வேலையை விட்டுப் போறாங்க. இப்பப் பாடுங்க" என்றேன். பாருங்கள், அதற்குப் பிறகு நான் ஒலியைக் குறைக்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த முதல் ஆல்பம் எது என்று கட்டாயப்படுத்திக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கோபத்தை இவ்வளவு சந்தோஷமாக யாரும் பாடிக் கேட்டதில்லை.

முடிந்ததும் மகியைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடினார்கள். செல்வி என்கிற பெண் மட்டும் மகிக்குப் பின்னால் போய் ரூம் சாவியை ஆட்டினாள். முன்னால் நின்றவள் காட்டிய வளையலையே மகி பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி மறுபடியும் ஆட்டினாள். மற்ற இருவரும் செருப்பு மாட்டப் போன பிறகு என் பக்கத்தில் வந்து, மறுபடியும் அந்த ஹாஸ்டல் குரலில் கேட்டாள்: "எக்கா, பிள்ளைக்குக் காது பாத்தாச்சா? தப்பா நினைக்காதீய."

பிளாட் போட்ட ராப்

நான் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருத்தி வாய் விட்டுக் கேட்டுவிட்டாள். அன்றைக்கே தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு போன் செய்து நாள் வாங்கினேன். குழந்தை தூங்கும்போது காதுக்குப் பின்னால் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்களாம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரை நான் ரெக்கார்டிஸ்ட் இல்லை, சும்மா ஒரு உடம்பு. ஸ்பீக்கர் சத்தத்துக்குப் பக்கத்தில் தூளி கட்டி அவள் காதை நானே கெடுத்துவிட்டேனோ என்று வேறு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் அண்ணன் முன் அறை ஸ்பீக்கரைப் பாதியாகக் குறைத்து வைத்தார்.

அந்த வாரம் வந்தவர் வீட்டு மனை விற்கிற குமார் சார். மனைக்கு ஆள் வர நோட்டீஸ் போதவில்லையாம், ராப் ஆல்பமாகவே வேண்டுமாம். குடிநீர், தார் ரோடு, பஸ் ஸ்டாப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. வியர்க்க வியர்க்க முதல் பாட்டைப் பாடி முடித்து வெளியே வந்து, "போடும்மா கேக்கலாம்" என்றார். போட்டால் ஒன்றும் இல்லை. தூளியைப் பார்த்துக்கொண்டே ரெக்கார்ட் பட்டனை அழுத்த மறந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். கதவை மூடுமுன் சொன்னார்: "இதுக்குப் போய் இன்னாம்மா, மனை பாக்க வர்றவன் ஒவ்வொருத்தனும் முதல்லேர்ந்து சொல்லுன்றான், எனக்குப் பழக்கம்தான்."

ரிவர்ஸ் போன தினேஷ்

வியாழக்கிழமை தினேஷ் வந்தார். கம்பெனி கோடவுனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முன்னால் சரக்கு மறைத்துக்கொண்டு நிற்பதால் பாதி நேரம் அந்த வண்டியைப் பின்னோக்கித்தான் ஓட்டுவார்களாம். பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. பாடும்போதும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி பின்னாலேயே போகிறார். பாட்டின் முதல் வரியில் மைக்கிடம் இருப்பார், கடைசி வரியில் சுவரிடம் இருப்பார். எப்படியோ தரையில் டேப் ஒட்டிப் பதிவு செய்து முடித்தேன். முன் அறை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். தன் குரலை முதன்முதலாகப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கிறவர் சும்மா நிற்பாரா? ஆடிக்கொண்டே பின்னால் போனார். குதிகாலில் ஒயர் மாட்டி ஸ்பீக்கர் பிளக் பிடுங்கிக்கொண்டது.

சத்தம் பட்டென்று நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, லைட் எரிந்துகொண்டிருந்தது, யாரும் தூளியைத் தொடவில்லை. மகி வீல் என்று எழுந்து அழுதாள். "ஐயோ, சாரிக்கா, பாப்பாவை எழுப்பிட்டேன்" என்று தினேஷ் பதறினார். நான் அவளைத் தூக்காமல் பிளக்கைப் போய் மாட்டினேன். எந்தத் தாயும் செய்யமாட்டாள், நான் செய்தேன். பாட்டு வந்தது. அழுகை தேய்ந்தது, கண் செருகியது. பிடுங்கினேன். கண் திறந்தது. பயந்தவளுக்குச் சந்தேகம் விடுமா? ஒருவேளை தரை அதிர்வது தூளிவரை போகிறதோ என்று, பீட்டை எல்லாம் எடுத்துவிட்டு தினேஷின் குரலை மட்டும், மெதுவாக வைத்தேன். செருகியது. நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தூளிச் சேலையின் மடிப்புக்குள் இரண்டு கண்ணும் திறந்து, பாட்டு எங்கே என்று கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் பக்கம் திரும்பின.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டீபன் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்ற தினேஷிடம் அவர்தான் விஷயத்தைச் சொன்னார். தினேஷ் தலையைச் சொறிந்துகொண்டு, இதில் என்ன அதிசயம் என்பது மாதிரி சொன்னார்: "நைட் ஷிஃப்டுல நாங்களும் அப்டித்தான்க்கா, லைன் ஓடிக்கினு இருந்தா ஓரமா அசந்துடுவோம், லைன் நின்னா சூப்பர்வைசர் வர்றான்னு டக்குனு முழிச்சிக்குவோம்."

மறுநாள் தாம்பரத்தில், ஊசி விழுந்தால் கேட்கிற அந்த அறையில் மகியைத் தூங்கவைக்க மூன்று பேர் மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்த பிறகு, இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் இப்போது பக்கத்தில் தூங்குகிறாள், நான் இதை எழுதுகிறேன், ஒரு முதல் ஆல்பம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது.

பாட்டைப் போட்டுக் காட்டும்போது யாராவது தூங்கிவிட்டால் கோபப்படுகிற சக தொழிலாளிகளே, கொஞ்சம் பொறுங்கள், என் வீட்டில் ஒருத்தி கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறாள்.