கூப்பிடாமல் வருவதற்கு ஒரு சொல்

பர்மாவில், லான்மடா பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஆன்ட்டி தனியாக இருந்தார். ஐராவதி ஆற்றுக் கப்பலில் எஞ்சினியராக வேலை பார்க்க ஸ்காட்லாந்துத் தீவொன்றிலிருந்து வந்தவரின் பேத்தி. பேசுவது பர்மியம்தான். தாத்தாவின் கேலிக் மொழியில் அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல், 'கேய்லி'. சாயங்காலம் நான் சும்மா எட்டிப் பார்த்தால், "வா மகளே, கேய்லிக்கு வந்தாயா?" என்பார். கூப்பிடாமல் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதற்கு அதுதான் பெயராம்.

ஒருமுறை ஸ்காட்லாந்துப் பயணி ஒருவர் வந்தார். அங்கே இப்போது கேய்லி என்றால் பாட்டும் ஆட்டமும் என்றார். ஆன்ட்டிக்குச் சுருக்கென்று கோபம். "என் தாத்தாவாவது, ஆடுவதாவது! மூட்டுவலிக்காரர்!" அந்த மனிதர் சிரித்துவிட்டார். பழைய பொருள் நீங்கள் சொல்வதுதான், அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போய்வருவது. அதன் வேர் 'கேலெ', துணை என்று அர்த்தம், கணவன் மனைவியைக்கூட அப்படிச் சொல்வதுண்டு என்றார். அப்புறம் ஒரு வாரம் ஆன்ட்டியின் பீற்றல் தாங்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ராத்திரிக்கு ஆள் இல்லாவிட்டால் ஊர்க்கோடியில் லைங் தாயாவுக்கும் அப்பால் உள்ள முதியோர் இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "இந்த வீட்டை விட்டுப் போனால் செத்துப்போவேன்" என்று அழுதார். அட, நான் எதற்கு இருக்கிறேன்? மேலே போய்ப் படுத்துக்கொண்டால் போச்சு.

ஆனால் எங்கள் ஊரில் இன்னொரு வீட்டில் ராத்தங்கினால் வார்டு ஆபீஸில் சொல்லியாக வேண்டும். போனேன்.

"என்ன உறவு?" என்றார் அங்கே இருந்தவர்.

"உறவில்லை."

"அப்புறம் எதற்குத் தங்குவது? கீழேதானே உங்கள் வீடு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் ஐயா, படியேறித் தூங்கவும் உறவு வேணுமா? துணை. துணைன்னு எழுதிக்குங்க!"

அப்படியோர் உறவு கிடையாது என்றார். "இல்லாட்டி இன்னைக்கு உண்டாக்குங்க!" பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டே எழுதினார். வாராவாரம் வந்து சொல்ல வேண்டுமாம். வந்துட்டுப் போறேன், என்ன இப்போ?

ஓடிவந்து சொன்னேன். ஆன்ட்டி அதற்குள் மனசு விட்டுப்போய், ஒற்றைக் கையால் பையே கட்டி வைத்திருந்தார். நான் அதை அவிழ்த்தேன். மாற்றுத்துணி இரண்டு. மீதி இடமெல்லாம் துணியில் சுற்றிய டீக் கோப்பைகள்.

"இத்தனை கோப்பை அங்கே எதுக்கு ஆன்ட்டி?"

"வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாமா?"

"அவ்வளவு தூரம் யார் வருவா?"

"ஏன், நீ வரமாட்டாயா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன்.