சித்தப்பா விமானத்தில் வந்த காலை

உங்கள் மாமா கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று, நான் ஏன் உர்ரென்று இருந்தேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

சேலத்தில் உங்கள் அம்மா வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பந்தக்காலை மூத்த மருமகன் நட வேண்டும். அவன் நல்ல நேரத்துக்குள் வராவிட்டால் இளையவன் நடலாம். மூத்தவன் நான். இளையவர் உங்கள் கரையான்சாவடி சித்தப்பா. சட்டை, சம்பளம், சிரிப்பு எல்லாவற்றிலும் அந்த வீட்டில் அவர்தான் முன்னே. எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கால் ஒன்றுதான்.

உங்களை அம்மாவோடு முன்பே அனுப்பிவிட்டேன். எனக்கு லீவு அன்றைக்குத்தான் கிடைத்தது. முதல் நாள் சித்தப்பா போன் செய்தார்.

"இன்னா அண்ணாத்தே, ட்ரெயினா? நான் பிளேன்ல வரேன். ஏறி பெல்ட்டு போட்டு அவுக்கறதுக்குள்ள சேலம். நீங்க மெதுவா வாங்க, உங்க வடைய எடுத்து வெக்கிறேன்."

"பாத்துகினே இரு நைனா, உனக்கு முன்னாடி நான் அங்க கீறேன்" என்றேன்.

போனை வைத்ததும் வயிறு எரிந்தது. செல்போனில் தேடிப் பார்த்தேன். மீனம்பாக்கத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு ஆகாயத்தில் சுமார் ஒரு மணி நேரம். தூரமும் தண்டவாளத்தைவிடக் குறைவு. ஆனாலும் விடவில்லை. அவர் குமணன்சாவடி நெரிசலைத் தாண்ட வேண்டும், முன்கூட்டியே போய்ப் பையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், அங்கே இறங்கி ஊருக்குள் வர வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினேன். நான்தான் முதல்! அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறி அரக்கோணத்தில் கோவை வண்டிக்காக நின்றபோதுதான் உறைத்தது. அவருக்கு வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து இறங்குவது வரை மட்டும். அரக்கோணத்தில் காத்திருப்பது, சேலம் ஜங்ஷனில் ஆட்டோவுக்கு அலைவது எதையும் சேர்க்கவில்லை. பொறாமைக்காரன் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழி தோண்டி, கம்பத்துக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் இருவரும் அவருடைய போர்டிங் பாஸுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது, சின்னவரே நடட்டும் என்று உங்கள் தாத்தா அவசரப்படுத்தினாராம். சித்தப்பா மறுத்துவிட்டாராம்.

"வாங்க அண்ணாத்தே! குழி உங்களுக்காகத்தான் வாயத் தொறந்துகினு கீது" என்று கம்பத்தை என் கையில் கொடுத்தார்.

நட்டேன். நானேதான் நட்டேன். பால் ஊற்றி மண்ணைத் தள்ளும்போது பின்னால் உங்கள் பாட்டி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"சின்ன மாப்பிள்ளைக்கு என்ன பெரிய மனசு பாருங்க! பறந்து வந்தும் பெரியவருக்கு விட்டுக் குடுத்துட்டாரு."

என் பாத்தியதை அவர் கொடுத்த தானமாகிவிட்டது. அவரே நட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

சித்தப்பா கம்பத்தை அசைத்துப் பார்த்தார். "ஆடுது அண்ணாத்தே, இன்னும் ரெண்டு மிதி போடுங்க."

மிதித்தேன். யாரை நினைத்து மிதித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.